தமிழ்க் கையேடுகளுக்கு எந்த அச்சுக்கோப்புக் கருவி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை கலைச்சொற்களைப் பற்றியும் தன்னார்வலர்களின் உழைப்பைப் பற்றியும் விரிவாகப் பேசியது. ஆனால் மொழிபெயர்த்து முடித்த கையேடு எந்தக் கருவியின் வழியாகப் பக்கங்களாக மாறி வாசகரின் கைக்குச் சேர்கிறது என்பதை அது தொடவில்லை. பல தமிழ்க் கையேடுகள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது அச்சுப் பக்கம் எதற்கு என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் நீலகிரி மலையில் மஞ்சூர், குந்தா பக்கத்துச் சிற்றூர்களில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே கணினி கற்கும் மாணவருக்கு ஒரு பிடிஎஃப் கோப்போ ஜெராக்ஸ் கடையில் எடுத்த தாள்களோதான் துணை.

தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் (யூனிகோடில்) சேமிக்கப்படும் வரிசை வேறு, தாளில் தெரியும் வரிசை வேறு. ‘மெனு’ என்பதில் முதலில் மகரமும் அதன் பின் எகரக் கொம்பும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை மகரத்துக்கு முன்னே நகர்த்துவதும், னகரத்தையும் உகரக் குறியையும் ஒரே வடிவாகச் சேர்ப்பதும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்கி மென்பொருளின் வேலை. வடிவாக்கி இல்லாத கருவியில் கொம்பு மகரத்தை விட்டு னகரத்தின் முன்னால் போய் நிற்கும், உகரக் குறி தனியே தொங்கும். ஆஸ்கிடாக் என்ற எளிய உரை வடிவில் எழுதிய கையேட்டைப் பக்கங்களாக்கும் ஆஸ்கிடாக்டரின் பிடிஎஃப் கருவி சார்ந்திருக்கும் பிரான் நிரலகம் இயல்பு நிலையில் இத்தகைய வடிவாக்கத்தைச் செய்வதில்லை. எழுதுவதற்கு மிக இனிமையான வடிவம் ஆஸ்கிடாக். ஆங்கிலக் கையேட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ப் பதிப்பும் வேண்டும் என்ற எண்ணம் அந்த முடிவை எடுத்த நாளில் அவர்களுக்கு இருந்திருக்காது.

பைத்தான் நிரல்மொழி உலகில் பரவலாகப் பயன்படும் ஸ்பிங்க்ஸ் என்ற கையேடு உருவாக்கும் கருவி, உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையிலான, மூலமும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து நிற்கும் பிஓ கோப்புகளாகத் தருகிறது. ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்தி மட்டும் மறுபார்வைக்கு வரும், மீதித் தமிழ் அப்படியே நிற்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு காணும் மென்பொருளின் கையேட்டை வேர்ட் கோப்பில் வைத்து மொழிபெயர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஸ்பிங்க்ஸ் தன் இயல்பமைப்பில் பிடிஎஃப் ஆக்குவதற்கு அழைப்பது டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்த பிடிஎஃப்லேடெக் இயந்திரத்தை. சீனத்துக்கும் கிரேக்கத்துக்கும் அது தானாகவே அதே குடும்பத்தின் ஒருங்குறி இயந்திரமான ஸீலேடெக்குக்கு மாறிக்கொள்கிறது. தமிழுக்கு நாம்தான் அமைப்புக் கோப்பில் ஸீலேடெக் என்றோ லுவாலேடெக் என்றோ எழுதி, தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு வரி தெரியாததால் முதல் தமிழ் எழுத்திலேயே பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு இது ஒத்துவராது என்று கைவிட்டவர்கள் உண்டு.

பிழை காட்டி நிற்பதாவது நல்லது. காட்டாமல் போவதுதான் ஆபத்து. நிரல் துண்டுகளுக்கான சம அகல எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லையென்றால், தமிழ்க் குறிப்புரை இருக்கவேண்டிய இடம் கட்டங்களாகவோ வெற்றிடமாகவோ அச்சாகும்; எழுத்து கிடைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு டெக் தன் வேலையைத் தொடரும். டெக் மென்பொருள்களின் தொகுப்பான டெக் லைவின் 2021 பதிப்பு முதல் இந்த எச்சரிக்கையைப் பிழையாகவே கருதச் செய்யலாம். எந்தத் தமிழ்த் திட்டமும் அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பார்வைக்குச் சரியாக இருக்கும் பிடிஎஃப் கூடத் தேடுவதற்குச் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. ‘கோப்பு’ என்று தேடினால் கிடைக்காது. அதை நகலெடுத்து ஒட்டினால் இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே எழுத்துகள் சிதறி விழும். திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்தக் கையேடு இருந்தும் இல்லாததுபோல்தான். ஸீலேடெக்கின் அடிப்படையான ஸீடெக்கில் மூல உரையையும் பிடிஎஃப்புக்குள் சேர்த்துவைக்க ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அது இயல்பாக இயங்கும் கட்டளை அன்று.

எங்கள் மாவட்டத்துக்குத் தமிழ் மட்டும் போதாது. கூடலூரில் மலையாளமும் கன்னடமும் பேசுவோர் பலர்; மலையாளக் கூட்டெழுத்துகள் வடிவாக்கியிடம் தமிழைவிடக் கூடுதலாகவே வேலை வாங்கும். படுகர் பேசும் படுகு மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவோர் இருக்கிறார்கள். அதற்கு பிஎஃப்கியூ என்ற பன்னாட்டு மொழிக்குறியீடு இருந்தும், அதை அறியாத கருவியில் ‘தமிழ்’ என்று பொய்யாகக் குறித்தால்தான் பக்கம் வருகிறது. குறியீட்டையும் எழுத்துமுறையையும் தனித்தனியே ஏற்கும் கருவியே மலைக்கு ஏற்றது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், பெரிய கையேடுகளுக்கு ஸ்பிங்க்ஸையும் ஸீலேடெக்கையும் இணைத்துப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். டெக் லைவை முழுமையாக நிறுவ பல ஜிபி பதிவிறக்கம் தேவை. மலையில் அது சிறிய தொல்லை அன்று, எனவே ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து பகிர்வதே வழி. 2023இல் மூலநிரல் வெளியிடப்பட்ட டைப்ஸ்ட் என்ற அச்சுக்கோப்புக் கருவி ஒரே சிறிய நிரலாக வருகிறது, தமிழையும் சரியாக வடிவாக்குகிறது. நான்கு பக்கத் துண்டறிக்கைக்கு அது போதும். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு அதன் தொடரியல் மாறிவந்திருப்பதால், ஆண்டுக்கணக்கில் பேண வேண்டிய கையேட்டை அதை நம்பி ஒப்படைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. அந்தத் தரத்தில் எழுதியது அச்சிலும் பிடிஎஃப்பிலும் சிதையாமல் வருகிறதா என்று சோதிக்க ஒரு பொதுவான மாதிரிக் கோப்பு வேண்டும். கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ போன்ற வடிவங்கள், அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காத நீண்ட சொற்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்த நிரல் வரிகள், வரித் தொடக்கத்தில் மெய்யெழுத்து வந்துவிடும் இடங்கள் ஆகியவற்றைக் கொண்ட இரண்டே பக்கங்கள் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அதை உருவாக்கி யாரும் எடுத்தாளும் உரிமத்தில் வெளியிட்டால், தன்னார்வலர்கள் முதல் பத்தியை மொழிபெயர்க்கும் முன்பே தங்கள் கருவியை அதில் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். இக்கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அக்கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கையேட்டுத் தமிழாக்கத் தன்னார்வலர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.