தப்பெல்லா

அன்புத் தங்கைக்கு,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் யாராவது இதை உன் அம்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுதாவிட்டாலும் அனுப்பத்தான் போகிறார்கள் என்றாலும், அந்த ஒரு மரியாதையாவது என் கையில் இருக்கட்டும். உன் குரல் போனதைப் பற்றி நீ கொடுத்த நேர்காணலை நானும் படித்தேன். இந்தப் பருவம் முடிந்ததும் பாடகர்களுக்கான நம் பயிற்சித் திட்டத்திலிருந்து விலகுகிறேன் என்று சென்ற வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் பிறர் சொல்லி நீ அறிய வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அந்த மார்ச் மாதத்து மதியத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' என்ற ஓப்பராவில், அதாவது இசைநாடகத்தில், சுசானா என்ற பாத்திரம் நான்காம் அங்கத்தில் பாடும் பாடல். அதில் முதல் அடி 'பெல்லா' என்றும் அடுத்த அடி 'தப்பெல்லா' என்றும் முடியும் இடம். கனிக்கும் கன்னிக்கும் வேறுபாடு தெரிந்த நாக்குக்கு இத்தாலிய மொழியின் இரட்டை மெய் தானாகவே வந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம். நீயோ லண்டனில் பள்ளிக்குப் போனவள். பேசும்போது வரும் 'ப்ப' பாடும்போது மட்டும் மெலிந்து, அதன் வாலில் ஆங்கிலத்து மூச்சு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு சொல்லில் உன்னை ஒன்பது முறையோ பத்து முறையோ நிறுத்தியிருப்பேன். கடைசியில் நீ இசைத்தாளை மூடிப் பியானோவின் மேல் வைத்துவிட்டுச் சிரித்தாய். "அக்கா, உங்களுக்குத் தப்பெல்லாம்தான் கேக்குது. ஒருக்கா முழுசாக் கேளுங்கோவன்."

உங்கள் வீட்டில் 'பிழை' என்பீர்கள். 'தப்பு' என் வாயிலிருந்து நீ எடுத்துக்கொண்ட சொல். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, "மறுபடியும், 'வியேனி'யிலிருந்து" என்றேன். அந்த இரண்டாம் அடியின் முதல் சொல் அது.

நீ மறுபடியும் மெல்ல எடுத்தாய். சுரம் பிடிபடுவதற்கு முன்னால் ஒரு நூலளவு வெறும் காற்று வந்தது. அது உச்சரிப்புக் குறையல்ல. குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேரத் தாமதிக்கும்போது வருவது. நடு ஸ்தாயியின் ஏ சுரத்துக்கே அவை நொடிக்கு 440 முறை சேர்ந்து பிரிய வேண்டும். அவற்றில் ஒரு தடிப்பு எழுந்தால், உரத்துப் பாடும்போது அது மறைந்துவிடும், மெல்லத் தொடங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். இத்தனை ஆண்டுகள் பாடகர்களின் அருகிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு இது தெரியாததல்ல. இருந்தும் 'ப்ப'வைத்தான் திருத்தினேன், ஏனென்றால் 'ப்ப' என் பொறுப்பு, தொண்டை உன் குரலாசிரியரின் பொறுப்பு. மொழியும் பாணியும் தாளமும் பியானோவில் உட்கார்ந்து பாடல்களைப் பழக்கும் என்னைப் போன்ற கோச்சுக்கு, மூச்சும் குரலமைப்பும் ஆசிரியருக்கு என்று போட்டிருக்கும் வரப்பை மிதித்தால் என்ன வம்பு வரும் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். வரப்பே இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் குரலை நான்கு பேர் நான்கு பக்கம் இழுப்பார்கள் என்பதையும் பார்த்திருக்கிறாய். ஆகவே அந்த ஏற்பாட்டை இன்றும் குறை சொல்ல மாட்டேன். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாமலும் இருக்க முடியாது.

நான்ஸி ஸ்டோராச்சே என்ற பாடகியின் கதையை உனக்குச் சொன்னதும் அன்றுதான். லண்டனில் பிறந்து வியன்னாவில் பாடியவள், 1785 ஜூனில் தன் அண்ணன் இசையமைத்த ஓப்பராவின் முதல் நாளன்றே மேடையில் குரல் போய், மாதக்கணக்கில் பாடாமல் இருந்தாள். அவள் தேறியதைக் கொண்டாட மோட்சார்ட்டும் சாலியரியும் சேர்ந்து இசையமைத்தார்கள். அடுத்த ஆண்டு மே 1 அன்று முதல் சுசானாவாக மேடையேறியவளும் அவளே. அப்போது அவளுக்கு இருபது வயது. நான்கு அங்கங்களிலும் மேடையை விட்டு இறங்க நேரமில்லாத பாத்திரத்துக்குக் கடைசியில் இப்படிக் கத்தாமல் பாடக்கூடிய ஒரு பாட்டை மோட்சார்ட் கொடுத்தாரே என்று ரசித்து ரசித்து விளக்கினேன். குரல் போன ஒருத்தியின் கதையை, குரல் போய்க்கொண்டிருந்த உனக்கு, ஒரு சுவையான துணுக்காகச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆனால் "எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை" என்று அந்த நேர்காணலில் சொன்னாயே, நீ யாரிடம் சொன்னாய்? திங்கட்கிழமைகளில் கரகரத்த குரலோடு வந்தபோதெல்லாம் சளி என்றாய். சனிக்கிழமை இரவுகளில் கல்யாண வரவேற்புகளில் பாட்டுக்கு மேல் பாட்டாகச் சினிமாப் பாட்டுப் பாடியதை, வேறொருவர் காட்டிய காணொளியில்தான் பார்த்தேன். வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதும், உதவித்தொகை எந்த மூலைக்குப் போதும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் கோபம் வருகிறது. உன் தொண்டையைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவரைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. அந்த 'ஒருத்தரும்' நான்தான் என்று நேர்காணலைப் படித்த தமிழர்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், அங்கே இருந்த ஒரே தமிழச்சி நான் என்பதால்.

மதிப்பீட்டுக் கூட்டத்தைப் பற்றி அதிகம் எழுத இயலாது. அதில் இருந்தவர்கள் இதை மொழிபெயர்க்கச் சொல்லியாவது படிப்பார்கள். உன் இரண்டாம் ஆண்டைப் பற்றிய பேச்சில் என் முறை வந்தபோது, இத்தாலிய உச்சரிப்பு நன்றாகத் தேறியிருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. இதற்கு மேல் வேண்டாம்.

நீ மாடிப்படி ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டு வருவது கேட்டால், குடித்துக்கொண்டிருக்கும் தேநீரை அப்படியே கீழே வைத்துவிடுவேன். அதை ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. மருத்துவர் எடுத்த படத்தை நீ அனுப்பியபோது பதிலுக்கு ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்பினேன் என்பதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. மன்னித்துக்கொள். பூங்கொத்துக்காகச் சொல்கிறேன், மற்றதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

வகுப்புகளையெல்லாம் நீ கைபேசியில் பதிவு செய்வாய். அந்த மதியத்தின் பதிவு அழியாமல் இருந்தால், எனக்கு மட்டும் அனுப்பு. அந்த 'வியேனி'க்கு முன்னால் காற்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது உனக்கு வந்தது இன்னதென்று தெரிந்த பிறகு என் நினைவு அதைக் கொண்டுபோய் அங்கே வைத்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் இல்லையென்றால், இந்தக் கடிதத்தில் பாதியை நான் அழிக்க வேண்டியிருக்கும்.

அக்கா