கல்யாணத்தோடு நின்றுவிடும் ஊசி

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 29, உலக இதய தினம் நெருங்கினாலே கொலஸ்ட்ரால், ஸ்டென்ட், நடைப்பயிற்சி என்று பத்திரிகைப் பக்கங்கள் நிறைந்துவிடுகின்றன. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் 7 வயதில் தொண்டையில் ஆரம்பித்து 22 வயதில் பிரசவ வார்டில் தெரியவரும் இதயநோய் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். டாக்டர்கள் ருமாட்டிக் இதயநோய் என்பார்கள், வீட்டில் 'வால்வு கோளாறு' என்பார்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெருக்கமான வீடுகளில் வளரும் ஏழைப் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. பின்னாளில் வால்வு சுருங்கி அவதிப்படுவோரில் பெண்களே அதிகம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்தான் தொடக்கம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அது சகஜம். மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. இருமலே இல்லாமல் திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற நெறிகட்டி என்றிருந்தால் டாக்டர் தொண்டையைப் பார்த்தே ஆக வேண்டும். அவர் பென்சிலினோ அமாக்சிசிலினோ எழுதினால் கணக்கு 10 நாள். மூன்றாம் நாளே பிள்ளை இட்லி சாப்பிட ஆரம்பித்துவிடும்; மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். தவறு நடக்கும் இடம் இதுதான். வலி போய்விட்டாலும் கிருமி போயிருக்காது. உப்புத் தண்ணீரும் சித்தரத்தையும் தொண்டைக்கு இதம் தரும், கொடுக்கலாம். கிருமியை அவற்றால் ஒழிக்க முடியாது. வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். அதனால் 'நாளாகிவிட்டதே' என்று விட்டுவிட வேண்டாம்.

விட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வரும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய சக்தி சொந்த மூட்டையும் இதய வால்வையுமே தாக்கும். இன்று முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கும். போர்வை பட்டாலே பிள்ளை அலறும். வலி மாத்திரை கொடுத்தால் இதுவும் சட்டென்று அடங்கிவிடும். அதனாலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் தப்பிப்போகிற பிள்ளைகள் உண்டு. ராத்திரியில் இரண்டு காலும் வலித்து, காலையில் ஓடியாடும் பிள்ளைக்கு இருப்பது இது அல்ல. அது வளரும் வயதில் வரும் சாதாரண வலி. அந்த வலிக்கு ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை செய்து, அளவு கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வருடக்கணக்கில் பென்சிலின் ஊசி போடுகிற வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால் தொண்டையில் கிருமி வந்து போயிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பெண் குழந்தையின் கையெழுத்து திடீரென்று கிறுக்கலாகிறது. பேனா நழுவுகிறது, தட்டு கைதவறுகிறது, கையும் முகமும் தானாக வெட்டி இழுக்கிறது, தூங்கினால் எல்லாம் நின்றுவிடுகிறது. இதுவும் ருமாட்டிக் காய்ச்சலின் அறிகுறிதான்; தொண்டைப் புண் வந்து சில மாதம் கழித்துக்கூட இப்படி ஆகும். பள்ளியில் திட்டும், வீட்டில் வேப்பிலையும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை இதயப் பரிசோதனை.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்த தொண்டைப் புண்ணே வரவிடக் கூடாது. ஒவ்வொரு தாக்குதலும் வால்வை இன்னும் கொஞ்சம் கெடுக்கும். அதற்குத்தான் பென்சாதின் பென்சிலின் ஊசி: 27 கிலோவுக்கு மேல் இருந்தால் 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒருமுறை. அதற்குக் குறைவான எடைக்கு 6 லட்சம், 15 நாளுக்கு ஒருமுறை. மாதம் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு காக்கும் நிலைக்குக் கீழே இறங்கிவிடும்; போதாது. எவ்வளவு காலம்? இதயம் பாதிக்கப்படாவிட்டால் 5 வருடம் அல்லது 18 வயது வரை. லேசாகப் பாதித்து ஆறியிருந்தால் 10 வருடம் அல்லது 25 வயது வரை. இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வால்வு கடுமையாகக் கெட்டிருந்தால் 40 வயதுக்கோ ஆயுளுக்கோ போட வேண்டும்.

இந்த ஊசி வலிக்கும், மறைப்பதற்கில்லை. மருந்து சுண்ணாம்புப் பால் போல இருக்கும். கலக்கி வைத்துவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும், பிள்ளைக்கு இரண்டாவது குத்து விழும். 21 கேஜ் பருமனுள்ள ஊசி எடுத்து, குலுக்கிய உடனே, இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் புட்டியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவதும், குத்தும் இடத்தைப் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பதும் வலியைக் குறைக்கும். டாக்டர் அனுமதித்தால் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைச் சேர்க்கலாம். வெறும் வயிற்றில் வரக் கூடாது. படுக்கவைத்தே போட வேண்டும், போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வாமை பயத்தால் தனியார் கிளினிக்குகள் பல இந்த ஊசியைத் தொடுவதே இல்லை. கடும் ஒவ்வாமை அபூர்வம். ஊசிக்குப் பின் நேர்ந்த சில மரணங்கள், ஏற்கனவே பழுதான இதயம் திடீர் மயக்கத்தைத் தாங்காததால் நேர்ந்திருக்கலாம் என்று அமெரிக்க இதயக் கழகம் 2022-ல் சொன்னது. வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஊசிக்குப் பதில் தினம் இரண்டு வேளை மாத்திரை என்று டாக்டர் மாற்றிக்கொடுப்பது அதனால்தான்.

இவ்வளவையும் தாங்கி வளர்ந்த பெண்ணுக்கு ஊசி நிற்கிற நாள் பெரும்பாலும் கல்யாண நாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஊசி அட்டையை அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். போன ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பெயரே இல்லை. அடுத்தது கர்ப்பம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும், இதயத் துடிப்பும் கூடும். 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய, இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு ஒன்றரைக்குக் கீழே சுருங்கியிருந்தால், அந்த ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். பாரம் உச்சத்துக்குப் போவது எட்டாம் மாத வாக்கில். வளைகாப்பு முடிந்து, மறுபடி ஊர் மாறி, அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் அது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது கர்ப்பிணிக்கு இயல்பு. மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு மூன்று தலையணை கேட்பதும், நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவதும், இருமலில் ரத்தக் கோடு தெரிவதும் இயல்பு அல்ல. 'வயிற்றுப் பாரம்' என்று சொல்லாமல் அன்றைக்கே 108-ஐக் கூப்பிட வேண்டும். சுருங்கிய வால்வைக் கர்ப்பத்திலேயே பலூன் சிகிச்சையால் விரிக்க முடியும். பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள்தான் மிக ஆபத்தானது. சுகப்பிரசவம் ஆயிற்றே என்று உடனே வீட்டுக்கு அவசரப்படக் கூடாது. பென்சிலின் ஊசி கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பாதுகாப்பானது, நிறுத்தத் தேவையில்லை. உலோக வால்வு பொருத்திய பெண்கள் விஷயம் வேறு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம். தாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். கர்ப்பிணிக்கு பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதியும்போதே, 'சின்ன வயதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டதுண்டா?' என்று கிராம சுகாதார செவிலியர் கேட்க வேண்டும். ஆமென்றால் உடனே எக்கோ. அடுத்து, 2021-லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களிடம் இந்த ஊசிக்காரர்களின் பட்டியலையும் கொடுத்து, 18-ஆம் நாளே நினைவூட்டச் சொல்லலாம். ஊசியை வீட்டில் போட வேண்டாம். மூன்றாவதாக, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பாத அளவுக்கு மருந்து இருப்பு வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் அடுத்த வாரம் வருவதில்லை.

இப்படிக்கு,
இதயநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.