காய்ச்சல் கணக்கெடுக்க வர்றவங்க இதையும் கேக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாளைக்கே வேற ஏதாவது நோய் பரவி மறுபடியும் யாரும் வெளிய வராதீங்கன்னு சொன்னா, அடிக்கிற புருஷன்கூட அடைஞ்சு கெடக்குற பொண்ணுங்களுக்கு என்ன வழின்னு அரசாங்கம் இப்பவே யோசிச்சு வைக்கணும். 2020 லாக்டவுன்ல சென்னையில வீடு வீடா போய் காய்ச்சல் கணக்கெடுத்தவ நான். காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, சுகர் பிரஷர் இருக்கான்னு கேட்டு எழுதிக்குவோம், அவ்ளோதான் எங்களுக்கு சொல்லிக் குடுத்தது. ஒரு வீட்ல எது கேட்டாலும் புருஷனே பதில் சொல்றாரு, அந்தம்மா முந்தானைய இழுத்து இழுத்து கைய மூடிக்கிட்டே நிக்கிறாங்க, முழங்கை கிட்ட நல்லா கன்னிப்போயிருக்கு. ரேஷன் கார்டு எடுத்துட்டு வாங்க சார்னு அவர உள்ள அனுப்பிட்டு, பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 181க்கு போன் பண்ணுங்கம்மா, ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்கன்னு சொன்னேன். போனு அவர் கையிலதான் இருக்கு, பகல்ல அதுலதான் புள்ளைக்கு ஆன்லைன் கிளாஸுன்னாங்க, அதுக்குள்ள அவர் வந்துட்டாரு.

தேசிய மகளிர் ஆணையம் அந்த வருஷம் ஏப்ரல் 10ல புகார் சொல்ல வாட்ஸ்அப் நம்பரே விட்டாங்க, நல்ல விஷயந்தான், ஆனா போனே கையில இல்லாதவங்க என்ன பண்றது? அம்மா வீட்டுக்கு போயிரலாம்னா, வேற மாவட்டம்னா இ-பாஸ் கேட்டாங்க, கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரின்னா பாஸ் உண்டு, அடி தாங்க முடியலன்னு சொல்லி வாங்க வழியே இல்ல.

அப்போ ஸ்பெயின்ல கேனரி தீவுகள்ல, மெடிக்கல் ஷாப்புல போய் "மாஸ்க் 19" வேணும்னு சொன்னா போதும், கடைக்காரங்களே உதவிக்கு ஆள கூப்பிடுவாங்கன்னு ஏற்பாடு பண்ணிருந்தாங்க. நம்மூர்லயும் அப்ப மெடிக்கலும் ரேஷன் கடையும் தொறந்துதானே இருந்துச்சு, இங்க ஏன் முடியாது?

இன்னொன்னு, புகார் குடுத்தா நடுத்தெருவுல நிக்கணுமேன்னு பயந்தே நிறைய பேர் வாய தொறக்குறதில்ல. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல, வீடு யார் பேர்ல இருந்தாலும் அங்க குடியிருக்க பொண்டாட்டிக்கு உரிமை உண்டு. எஃப்ஐஆர் இல்லாமலே மாவட்ட பாதுகாப்பு அலுவலர் மூலமா கோர்ட்டுக்கு போலாம், அவசரம்னா புருஷன விசாரிக்கிறதுக்கு முன்னாடியே மாஜிஸ்திரேட் தற்காலிக உத்தரவு போடலாம். இத வாசப்படியில நின்னு ஒரு நிமிஷத்துல சொல்லிரலாம்.

அதனால டெங்குவோ வேற எதுவோ, இனிமே சர்வேக்கு போறவங்களுக்கு வீட்டுப் பொம்பளைங்ககிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னு உத்தரவாவே போடுங்க, எப்படி பேசணும்னு ட்ரெயினிங்கும் குடுங்க, சொன்னவங்க பேர் வெளிய போகாதுன்னும் உறுதி குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வடசென்னை