மலைச்சாலையில் மழைக்கு ஒதுங்க ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிள் என்றாலே நம் நாளிதழ்களில் விபத்துச் செய்தி, இல்லாவிட்டால் நள்ளிரவு ரேஸ் செய்தி. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பழைய மலைச்சாலைகளில் தனியாக, நிதானமாக ஓட்டிப் போகிறவர்களும் இருக்கிறோம். எங்களுக்குத் தேவையான ஒன்றிரண்டைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வழியாகப் பெந்தோங் போகும் 68ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பெரியவர்கள் 'பழைய பெந்தோங் ரோடு' என்பார்கள். 1970களில் காராக் நெடுஞ்சாலை வரும்வரை, இங்கிருந்து பகாங் போன பஸ்ஸும் லோரியும் இந்த வளைவுகளில்தான் முக்கி முனகி ஏறின. அன்றைய மலாயாவில் சாலை போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொதுப்பணித் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அந்த ரோட்டில் ஏறும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. ஆகவே காசை மிச்சம் பிடிக்க யாரும் இந்த வழியில் வருவதில்லை. கவிந்து நிற்கும் மரங்களுக்காகவும், ஏற ஏற முகத்தில் படும் குளிர்ந்த காற்றுக்காகவும்தான் வருகிறோம். உலு யாம், உலு லங்காட் சாலைகளும் அப்படித்தான்.

"பொம்பளப் பிள்ளை, தனியாவா போற?" என்று கேட்காத உறவினர் இல்லை. தனியாகப் போவதில்தான் எனக்குப் பாதுகாப்பு அதிகம். கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவரின் வேகமே நம் வேகமாகிவிடும். தனியாக என்றால், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இடப்பக்கமாகவே போய், மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டரை முறுக்கலாம். மழை பெய்த மறுநாள் மணலும் ஈர இலையும் எந்த வளைவில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகப் போகிறவருக்குத்தான் அது கண்ணில் படும்.

ஆனால் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். நெடுஞ்சாலைகளில் மேம்பாலத்தடியில் மோட்டாரோட்டிகள் ஒதுங்க இடம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் (ஃபெடரல் ஹைவே) 1970களிலேயே மோட்டாருக்குத் தனிப்பாதை போட்ட நாடு இது. மலைச்சாலைக்கு மட்டும் அந்தக் கவனம் வரவில்லை. மரத்தடியில் நின்றால் இடிக்குப் பயம். ரோட்டோரம் நின்றால், வளைவில் திரும்பும் கார்க்காரருக்கு நாம் தெரியமாட்டோம். 2022 டிசம்பரில் பத்தாங்காலி அருகே 31 உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுக்குப் பிறகு, வெட்டிய மலைச்சரிவின் கீழே மழையில் நிற்க யாருக்கு மனம் வரும்? நனைந்தபடியே இறங்குவதைத் தவிர வழியில்லை. கண்ணாடி மங்கிய ஹெல்மெட்டோடு அந்த இறக்கத்தில் இறங்குவது கொடுமை.

சாலை அகலமாக உள்ள சில இடங்களில், சரிவிலிருந்து தள்ளி, நாலைந்து மோட்டார் நிற்கிற அளவுக்குக் கூரை போட்டால் போதும். பெரிய செலவில்லை.

இன்னொன்று, கிலோமீட்டர் கற்கள். தனியாகப் போகிறவர் விழுந்துவிட்டால், 999ஐ அழைத்து எங்கே கிடக்கிறோம் என்று சொல்ல அந்த எண்தான் துணை. பல கற்களை லாலாங் புல் மூடிக்கிடக்கிறது. சில இடங்களில் கைப்பேசித் தொடர்பும் கிடைக்காது. அப்போது அந்த வழியாக வருகிற இன்னொருவரிடம் எண்ணைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். புல்லை ஒழுங்காக வெட்டி, கற்களுக்கு இரவில் மின்னும் பூச்சு அடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகும்படி இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோலை நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

தங்கள் நிருபர் ஒருவர் மழை நாளில் ஒரு முறை 68ஆம் எண் சாலையில் போய்ப் பார்த்து எழுதினால், சாலைப் பொறுப்பில் உள்ளவர்கள் காதில் இது விழும். அவருக்கு வழிகாட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்