பெரியப்பாவுக்கு எதை வாசிப்பது

பெங்களூரு
கல்லறைத் திருநாள் முடிந்த வாரம்

அன்புள்ள மண்டையா,

"பெரியப்பா அடக்கப் பூசையில என்னடா வாசிச்சீங்க?" என்று நீ போனில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டு வாசலில் நின்று சிரித்தால் அத்தை சும்மா விடுவாரா? அதனால்தான் "அப்புறம் எழுதறேன்" என்று வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார், வருகிறவர்களை எல்லாம் திட்டுகிறார். நீ அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்வாய், அதனால் முப்பதாம் நாள் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி ஜெபமாலை முடிந்து கூட்டம் குறைந்த பிறகு ஃபாதர் என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அடக்கப் பூசைக்கான வாசகங்கள் எல்லாம் அதில் இருந்தன. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி மூன்றையும் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம் என்றார். ஊரில் யார் செத்தாலும் இந்த வேலையைப் பெரியப்பாதான் செய்வார், உனக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது அவரே இரண்டு பக்கத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். அவருக்கு மடித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். துபாய்த் தம்பி போனில் ஒரு ஆங்கிலக் கவிதை அனுப்பினான். 'என் கல்லறையில் நின்று அழாதே, நான் அங்கே இல்லை, காற்றில் இருக்கிறேன்' என்கிற மாதிரி போகும். கவிதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓசூர் ரோடு கல்லறையில் யார் எந்த வரிசையில் எத்தனையாவது குழியில் இருக்கிறார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்த மனுஷனுக்கு 'நான் அங்கே இல்லை' என்று வாசித்தால் எப்படி? எழுந்து வந்து, "பின்ன எங்கடா இருக்கே, வரிசை சொல்லு" என்று கேட்டிருப்பார். அக்கா பைபிளில் சபை உரையாளர் நூலைச் சொன்னாள், பிறக்க ஒரு காலம், இறக்க ஒரு காலம். நல்ல வாசகம்தான். ஆனால் அது யாருக்கும் பொருந்தும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் செத்தால் உடனே நீதிமொழிகள் 31ஐ எடுத்து, விடியுமுன் எழுந்து வேலை செய்த மனைவி என்று வாசிக்கிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். செத்த பிறகாவது அந்த அம்மாவைத் தூங்க விடக்கூடாதா?

ஃபாதர், மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தைச் சொன்னார். பசியாய் இருந்தேன் உணவு கொடுத்தீர்கள், தாகமாய் இருந்தேன், அந்நியனாய் இருந்தேன், ஆடையின்றி இருந்தேன், நோயுற்றிருந்தேன், சிறையில் இருந்தேன். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்காரரான பெரியப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அதில் இருப்பது ஆறு. ஞானோபதேச வகுப்பில் சிஸ்டரிடம் அடி வாங்கிக்கொண்டு நாம் ஒப்பித்த இரக்கச் செயல்கள் ஏழு. ஏழாவது, இறந்தவர்களை அடக்கம் செய்வது. அது மத்தேயுவில் இல்லை. கத்தோலிக்க பைபிளில் இருக்கிற தோபித்து நூலிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது. பெரியப்பா வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த ஏழாவதைத்தான்.

தோபித்து ஞாபகம் இருக்கிறதா? நினிவே நகரத்துக்கு நாடு கடத்தப்பட்டவர். அரசன் கொன்று போடுகிற தன் ஜனங்களை ராத்திரியில் களவாகத் தூக்கிப் போய்ப் புதைக்கிறவர். பெந்தக்கோஸ்துத் திருவிழா அன்று பெரிய விருந்து வைத்திருக்கிறார்கள். ஏழை யாராவது இருந்தால் கூட்டி வா என்று மகனை அனுப்புகிறார். மகன் வந்து, நம்ம ஆள் ஒருத்தரைக் கழுத்தை நெரித்துச் சந்தையில் போட்டிருக்கிறார்கள் என்கிறான். மனுஷன் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து ஓடுகிறார். உடலைக் கொண்டுவந்து அறையில் வைத்து, பொழுது சாய்ந்ததும் குழி தோண்டிப் புதைக்கிறார். அக்கம்பக்கத்தார் கேலி செய்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உன் கல்யாணப் பந்திதான் ஞாபகம் வந்தது. இலையில் பிரியாணி விழுந்த நேரத்தில் போன் வந்து, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் யாரோ அநாதையாகக் கிடக்கிறான் என்று பெரியப்பா எழுந்து போனாரே. அந்த இலையையும் சேர்த்து நீதானே சாப்பிட்டாய்? மாப்பிள்ளை என்ற வெட்கம்கூட இல்லை.

பெரியப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில் பிறந்தவர் அல்லவா. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்துச் செத்தவர்களை மேலே கொண்டுவருவதைச் சின்ன வயதில் பார்த்தவர். தங்கவயல் 2001இல் மூடியபோதுகூட அவர் சுரங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்கே இருக்கிற கல்லறைகளை இனி யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்டார்.

ஃபாதர் கொடுத்த புத்தகத்தின் பட்டியலில் தோபித்து இல்லை. பூசைக்குப் பட்டியலிலிருந்தே எடுங்கள், இன்றைக்கு வீட்டு ஜெபத்தில் எது வேண்டுமானாலும் வாசியுங்கள் என்றார் ஃபாதர். நல்ல பையன், சண்டை போடவில்லை. புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த நம் மாப்பிள்ளைதான், "தோபித்தா? எங்க பைபிள்ல அப்படி ஒரு ஆளே கிடையாதே" என்று ஆரம்பித்தார். மூலையிலிருந்து பெரியம்மா, "உங்க பைபிள்ல இல்லாட்டியும் உங்க ஆளுங்க சாவுக்கும் இவருதானே வந்தாரு" என்றார். மாப்பிள்ளை டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் வாசித்தேன். புதைத்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் தோபித்து முற்றத்தில் படுத்திருக்கும்போது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போகிறது. சாவு வீட்டில் அது எதற்கு? பெரியம்மா விடவில்லை. "மேல வாசி, அவன் பொண்டாட்டி வர்ற வரைக்கும் வாசி." கண் தெரியாத புருஷனுக்காக நெசவு வேலை செய்து சம்பாதிக்கிறாள் அன்னா. கூலிக்கு மேல் ஓர் ஆட்டுக்குட்டியும் தருகிறார்கள். இவர் அதைத் திருட்டு ஆடு என்கிறார். அவளுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது: நீர் செய்த தருமம் எல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்கிறாள். அதை வாசித்ததும் பெரியம்மா பெட்டியைப் பார்த்து, "கேட்டீங்களா? நான் கேட்டப்பல்லாம் வாயாடின்னீங்க, வேதத்துலயே இருக்கு" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் பெரியம்மா அழுத அழுகையை எழுத எனக்கு வரவில்லை.

மறுநாள் பூசையில் சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரம். நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன என்று வருமே, அது. பேரன்தான் வாசித்தான். தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது; கன்னட எழுத்தில் முழுவதையும் எழுதிவைத்துக்கொண்டு ஒரு தப்பில்லாமல் வாசித்துவிட்டான். பெரியப்பாவைப் பாட்டியின் குழியையே திறந்து வைத்தோம். புதுக்குழிக்கு இந்த ஊரில் எங்கே இடம்?

இதோடு முடிந்தது என்று பார்த்தால் இல்லை. பெரியப்பாவின் போன் என்னிடம் இருக்கிறது. போன வாரம் விடியற்காலையில் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவர், யாரும் இல்லை, 'சார் இருக்காரா?' இல்லை என்று சொல்லி வைத்திருக்கலாம். அன்றைக்கு ஆபீசில் மீட்டிங் வேறு. ஆனால் அந்த வாசகத்தை ஊர் கேட்க நானே வாசித்துத் தொலைத்திருக்கிறேனே, எப்படி வைப்பது? பிணவறை வாசலில் போய் யாரைக் கேட்பது என்று தெரியாமல் முழித்தேன். பெரியம்மாவுக்குப் போன் செய்தால், "முதல்ல போலீஸ் ஸ்டேஷன் போ, கடிதாசி வாங்கு, அப்புறம்தான் பிணவறை. பெட்டிக்காரர் நம்பர் நோட்டு கடைசிப் பக்கத்துல இருக்கு, பேரம் பேசாதே" என்று மனப்பாடமாகச் சொல்கிறார். இத்தனை வருஷம் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கற்று வைத்திருக்கிறார், பார்.

இதையே தொடர்ந்து செய்வேனா என்று கேட்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது; ராத்திரி அந்தப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் வருவதில்லை. ஆஃப் செய்யவும் கை வரவில்லை. சபையில் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டுகிற விதத்தைப் பார்த்தால் நம்பிக்கை இல்லை.

முப்பதாம் நாளுக்கு உதய் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் பஸ்ஸில் வந்து இடுப்பு வலி என்று புலம்பாதே. சாயங்கால ஜெபத்தில் நீதான் வாசிக்க வேண்டுமாம், அதுவும் ஆட்டுக்குட்டிச் சண்டை வரைக்கும், பெரியம்மாவின் உத்தரவு. மறக்காமல் கண்ணாடி கொண்டு வா, என்னுடையதைத் தர மாட்டேன்.

உன்,
ஒட்டடைக்குச்சி