சிரிக்கிற இடம்

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் நீ போட்ட ஒற்றை வரி மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நான் தரகருக்கு அனுப்பின உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரு?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் எப்படியும் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்டூடியோப் பையன் மேல் தப்பில்லை. "வரன் பார்க்கிறோம், கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் குடுப்பா" என்று சொன்னது நான்தான். அவன் முகத்தையும் கழுத்தையும் வெளுத்துவிட்டு, கையை மறந்துவிட்டான். முகம் ஒரு நிறம், வளையல் போட்ட கை ஒரு நிறம். அந்தப் படத்தில் கை மட்டும்தான் நீ. அது கண்ணில் பட்டும் தரகருக்கு அனுப்பினேன் பார்.

இதைச் செய்தவள் யார் தெரியுமா? நடிகை சரிதாவின் ரசிகை. எனக்குப் பதினைந்து வயது இருக்கும். முழுப் பரீட்சை லீவுக்கு மெட்ராஸ் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காமார் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள். 'மரோ சரித்ரா'. 1978-ல் வந்த பாலசந்தர் படம். தெலுங்கு, அதுவும் கறுப்பு வெள்ளை. அங்கே 500 நாளுக்கு மேல் ஓடியது. பாதி வசனம் எனக்குப் புரியவில்லை. கமலைப் பார்க்கப் போனவள், சரிதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிறம், என்னை மாதிரியே பூசின உடம்பு. அந்தக் கண்ணை உருட்டி அவர் சிரித்தால் பக்கத்தில் கமலே கொஞ்சம் மங்கித்தான் தெரிவார். ஊருக்குத் திரும்பியதும் பவுடர் அப்புவதை விட்டேன். ஒரு மாதம்தான். அதற்கு மேல் உன் பாட்டி விடவில்லை.

அதே கதையை 1981-ல் பாலசந்தரே இந்தியில் எடுத்தார். கமல் அப்படியே இருந்தார், சரிதா இருந்த இடத்தில் ரதி அக்னிஹோத்ரி. கதைப்படி அங்கே அவள் வடநாட்டுப் பெண், தப்பு சொல்ல முடியாது. இருந்தாலும் எனக்கு உறுத்தியது. பின்னாளில் சரிதா வேறு நாயகிகளுக்குக் குரல் கொடுத்தார். திரையில் சிவந்த முகம் வாயசைக்கும், உள்ளே பேசுவது என் சரிதா. சில படங்களில் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறேன்.

2002-ல் நந்திதா தாஸை வைத்து, 'அழகி' என்றே பெயர் போட்டுப் படம் எடுத்த தங்கர் பச்சானுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் அதிலும் பார், கறுத்தவள் வீட்டு வேலைக்கு வருகிறாள், வீட்டுக்காரி சிவந்த தேவயானி. நம் சினிமாவில் கறுப்புப் பெண் அழகாக இருக்கலாம், வசதியாக இருக்கக் கூடாது போல.

இவ்வளவு தெரிந்தவள்தான் 2007-ல் உன்னை 'சிவாஜி'க்குக் கூட்டிப்போனேன். உனக்குப் பத்து வயது. அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருவார்கள், கரியை அப்பின மாதிரி மேக்கப்போடு. வேறு ஜோக்கே கிடையாது, நிறம்தான் ஜோக். பாரி மகளிரின் பெயர்கள் அவை. புறநானூற்றில் பாட்டு இருக்கிறது அவர்களுக்கு. தியேட்டரே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. துடைத்துக்கொண்டு திரும்பினால் நீ சிரிக்கவில்லை. பாப்கார்ன் பொட்டலத்தின் வாயை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாய்.

அதே படத்தில் ரஜினியும் வெள்ளையாகப் படாத பாடு படுவார். ஒரு பாட்டில் கம்ப்யூட்டரை வைத்து அவரை வெள்ளைக்காரராகவே மாற்றியிருப்பார்கள். அதனால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. அவர் கறுப்பு என்றால் விசில், அந்தப் பெண்கள் கறுப்பு என்றால் சிரிப்பு. 'கருப்புதான் எனக்குப் புடிச்ச கலரு' என்று கல்யாண வீட்டில் எல்லாம் ஆடினோமே, அதுகூடப் பெண் ஆணைப் பார்த்துப் பாடுவதுதான். நம்மைப் பார்த்து எவனும் அப்படிப் பாடின ஞாபகம் எனக்கு இல்லை.

அன்று ராத்திரி படுக்கையில், "அம்மா, நான் அங்கவையா சங்கவையா?" என்று கேட்டாய். "பேசாம தூங்கு" என்றேன். அடுத்த மாத மளிகை லிஸ்டில் சிவப்பழகு கிரீம் ஒன்று சேர்ந்தது. நீ கேட்கவில்லை. நான்தான் எழுதினேன். பிளஸ் டூ முடிக்கும் வரை நீ அதைப் பூசினாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

சரி. நேற்று ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படத்தை அப்படியே வாங்கினேன். "ஆன்ட்டி, இதுல அக்கா டல்லா இருக்காங்களே" என்றான் பையன். "டல்லா இல்லப்பா, அவ நிறம் அது" என்றேன். தரகருக்கு அனுப்பியாச்சு. ப்ளூ டிக் விழுந்தது, பதிலைக் காணோம்.

பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். வந்தால் ரெண்டு பேரும் உட்கார்ந்து 'தண்ணீர் தண்ணீர்' பார்க்கலாம். சரிதா படம். சிரிக்கிற இடம் அதில் அதிகம் இல்லை.

அன்புடன்,
அம்மா