உப்பேறிய கிணறுகளைக் கொசுப்புழு ஆய்வில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடிநீர், கொசுத் தடுப்புப் பணி அனுபவமுள்ளோர்,
பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் கடலோரப் பகுதிகள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் உப்பேறிய கிணறுகளிலும் கடற்கரைக் கலங்களிலும் கொசுப்புழு ஆய்வு நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மணற்பாங்கான நம் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரங்குலம் குறைந்தால் அடியிலிருந்து 40 அங்குலம் உப்பு ஏறும். உலகக் கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மோட்டார் வைத்து அளவில்லாமல் இறைப்பதும் இதே கேட்டைச் செய்கிறது. எல்லாப் பழியையும் கடல்மேல் போட முடியாது.

கிணறு உப்பானதும் இறைப்பது நிற்கிறது. அசையாத அந்தத் தண்ணீரில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசு முட்டையிடுகிறது. குடிக்க லாரித் தண்ணீரையோ காவிரித் தண்ணீரையோ டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். அங்கே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டிபிசி பணியாளர்கள் டிரம்மைப் பார்க்கிறார்கள். உப்புக் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. உப்புத் தண்ணீரில் புழு வராது என்ற பழைய நம்பிக்கையே காரணம்.

அந்த நம்பிக்கை தவறு. இலங்கையின் கடலோர ஊர்களில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், லிட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரில் ஏடிஸ் புழுக்கள் வளர்ந்தது தெரியவந்தது. கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். கைவிட்ட கிணறு, பழைய படகு, வீசிய டப்பா எல்லாவற்றிலும் புழு இருந்தது. குடிநீரில் கரைந்த உப்புக்கு மேல்வரம்பு லிட்டருக்கு 2 கிராம்தான். 2 கிராமிலிருந்து 15 கிராம் வரையுள்ள தண்ணீர் மனிதருக்கு ஆகாது, கொசுவுக்கு ஆகும். எதிர்க்கரையில் மலேரியா ஒழிந்ததாக 2016இல் சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டு இறுதியில் மன்னார்க் கிணறுகளில் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கண்டறியப்பட்டது. அந்தக் கொசு நமக்குப் புதிதல்ல, நம் ஊர்க் கிணறுகளுக்கும் மாடித் தொட்டிகளுக்கும் பழகியது.

வெப்பமும் சேர்கிறது. கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பரவும் நிலைக்கு வளர 25 டிகிரியில் சுமார் 15 நாள் ஆகும். 30 டிகிரியில் சுமார் ஒரு வாரம் போதும். இரண்டு மூன்று வாரமே வாழும் கொசுவுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியிலும் இறைக்காத கிணறுகளைக் கணக்கெடுத்து, புழுவையும் உப்பையும் சேர்த்தே அளக்க வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் பலவற்றால் லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்ட முடியாது. 100 மில்லி கிணற்றுநீரை 900 மில்லி ஆர்.ஓ. நீரில் கலந்து அளந்து, வரும் அளவை 10ஆல் பெருக்கலாம்.

2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும். கொசுப்புழுவைக் கொல்லும் 50 விழுக்காடு அபேட் மருந்து 1,000 லிட்டருக்கு 2 மில்லி வீதம் இதற்கு 19 மில்லி போதும். கணக்கில்லாமல் ஊற்றுவது மருந்துக்கும் நட்டம், பலனுக்கும் நட்டம். மருந்தைவிட, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் நல்லது, ஓரளவு உப்பையும் தாங்கும். ஆனால் மீன் விட்ட கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் செத்துவிடும். குடிநீர்ப் பிரிவினரும் கொசுத் தடுப்புப் பிரிவினரும் பேசிக்கொள்ளாததால் நடப்பது இதுதான். ஊருணிகளிலும் கண்மாய்களிலும் இந்த மீனை விடக் கூடாது, நம் நாட்டு மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும்.

கிணற்றுக்கு வலைமூடி போடும்போது இரும்புச் சட்டம் வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து வலை கிழிகிறது. பிவிசி குழாய்ச் சட்டம் போதும். தூர்த்துவிடலாம் என்ற யோசனையையும் ஏற்க வேண்டாம். கூரை மழைநீரை வடிகட்டி இறக்கினால் அதே கிணறு நல்ல தண்ணீரைத் திரும்பத் தாங்கும்.

டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டிக் காய்ந்து பல மாதம் கிடக்கும். தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கரையில் கிடக்கும் ஃபைபர் படகுகள், தெர்மாகோல் மீன்பெட்டிகள், படகோரம் கட்டும் டயர்கள் ஆகியவற்றைக் கவிழ்த்து வைக்க மீன்வளத் துறை மூலம் அறிவுறுத்த வேண்டும்.

நிலத்தடி நீர் மேலேறும் ஊர்களில் கழிப்பறைக் குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ கிருமிகள் பெருகுவதால், மீன்முள் குத்திய காயம் வேகமாக வீங்கினால் சாதாரணக் கட்டோடு அனுப்பாதிருக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

எடுக்கப்படும் நடவடிக்கையை அந்தந்த ஊராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், இம்மனுவுக்கு ஒப்புகை ரசீது வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்